பன்னா கோட்டா உறையவில்லை, நாளை விருந்தினர் வருகிறார்கள்: அவசர உதவி தேவை

புதுக்கரண்டி · சனி, மாலை 5:42
நாளை மதியம் விருந்தினர் வருகிறார்கள். பாலையும் கிரீமையும் உறையவைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பான பன்னா கோட்டாவை முதன்முறையாகச் செய்தேன். குறிப்பில் இருந்தபடி ஒன்று விடாமல் செய்து ஃபிரிட்ஜில் வைத்து 5 மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் பாலாகவே இருக்கிறது. கிண்ணத்தைச் சாய்த்தால் வழிகிறது. இன்னும் ஒரு கரண்டி பொடி போட்டுக் கலக்கி வைத்தால் உறைந்துவிடுமா? யாராவது உடனே சொல்லுங்கள்.

பால்சட்டி · 5:50
சொல்லலாம்தான், எதை வைத்துச் சொல்வது? என்ன பொடி, எத்தனை கரண்டி, பால் எவ்வளவு, கிரீம் எவ்வளவு, பொடியை எப்போது சேர்த்தீர்கள்? இவை தெரியும்வரை மேற்கொண்டு எதையும் போட்டுவிடாதீர்கள்.

தராசுமுள் · 5:53
கரண்டி ஓர் அளவே அல்ல. தலைதட்டி எடுத்த தேக்கரண்டி வேறு, கோபுரமாக அள்ளிய தேக்கரண்டி வேறு. உறையவைக்கும் பொருள்களில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் பண்டமே மாறிவிடும். எடை சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

குளிர்ப்பெட்டி · 5:58
ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் வைத்தீர்களா? கதவைத் திறக்கும்போதெல்லாம் வெப்பக்காற்று முதலில் படுவது அங்கேதான். பின்சுவரை ஒட்டி, அடித்தட்டில் வையுங்கள். என் வீட்டில் இந்த ஒரு மாற்றத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பழைய அடுப்பு · 6:04
இதே கேள்விக்கு இங்கே பத்துப் பன்னிரண்டு முறையாவது பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஜெலட்டினைக் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். அது புரதம். குளிர்ந்த நீரில் 5 நிமிடம் ஊறி, இளஞ்சூட்டில் கரைய வேண்டிய பொருள். தளதளவென்று கொதிக்கவிட்டால் உறையும் வலு குறைந்துவிடும். அடுப்பில் வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

புதுக்கரண்டி · 6:20
கொதிக்கவிடவே இல்லை ஐயா. கொதிக்கக் கூடாது என்று குறிப்பிலேயே தடித்த எழுத்தில் இருந்தது, அதனால் அடுப்பை விட்டு நகரவில்லை. பொடியை நீரில் ஊறவைத்து, பால் கை பொறுக்கும் சூட்டில் இருந்தபோது கலந்தேன். பால் ஒன்றரைக் கோப்பை, கிரீம் ஒரு கோப்பை, பொடி 2 தேக்கரண்டி. வெள்ளைப் பொடி. அழகுக்காகக் கொஞ்சம் பழத்துண்டுகளும் போட்டேன். அவ்வளவுதான்.

பழைய அடுப்பு · 6:23
கொதித்திருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

மழைக்குருவி · 6:29
பழத்துண்டுகளா? என்ன பழம்? பச்சை அன்னாசி, கிவி, பப்பாளி, அத்தி இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். இவற்றில் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. அன்னாசியில் இருப்பது புரோமெலெய்ன். ஜெலட்டின் வலை பின்னப் பின்ன அது கத்தரித்துக்கொண்டே இருக்கும், ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் உறையாது. டின்னில் வரும் அன்னாசியைப் பதப்படுத்தும்போதே சூடாக்கிவிடுவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

பால்சட்டி · 6:33
வெள்ளைப் பொடி என்றால் சர்க்கரைப் பொடியும் வெள்ளைதான், சமையல் சோடாவும் வெள்ளைதான். பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? இன்னொன்று: ஒரு கிண்ணத்தின் அடியில் கரண்டியை விட்டுத் துழாவிப் பாருங்கள். ஏதாவது படிந்திருக்கிறதா?

புதுக்கரண்டி · 6:47
பழம் அன்னாசி. பொட்டலத்தில் அகர் அகர் என்று இருக்கிறது. குறிப்பில் ஜெலட்டின்தான் கேட்டிருந்தார்கள், அது கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான், அதே அளவு போடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். அடியில் நைசான மணல் மாதிரி ஏதோ இருக்கிறது. நான் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை.

பால்சட்டி · 6:58
அந்த மணல்தான் உங்கள் அகர் அகர். கரையவே இல்லை.

இரண்டும் திரவத்தை உறையவைக்கும், ஒற்றுமை அதோடு முடிந்தது. ஜெலட்டின் விலங்குப் புரதம், இளஞ்சூட்டிலேயே கரைந்துவிடும், உறைவதற்கு ஃபிரிட்ஜின் குளிர் வேண்டும், வாயில் வைத்தால் உருகும். அகர் கடற்பாசியிலிருந்து எடுப்பது. அது புரதமே அல்ல, ஒரு வகை மாவுப்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதிநிலைக்குக் கிட்டத்தட்டப் போனால்தான் கரையும், அதன் பிறகும் 2 நிமிடமாவது கொதிக்க வேண்டும். சூடு 40 பாகைக்குக் கீழே இறங்கும்போது மேசைமீதே உறைந்துவிடும், ஃபிரிட்ஜ்கூடத் தேவையில்லை. மறுபடி உருக வேண்டுமானால் 85 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டும்.

ஆக, கொதிக்கவிடக் கூடாது என்ற அறிவுரையை நீங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்ததுதான் கோளாறு. அது ஜெலட்டினுக்காக எழுதிய வரி.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: அடியில் இருப்பதைச் சேர்த்து இரண்டு கரண்டி எடுத்துச் சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, ஒரு தட்டில் சொட்டுங்கள். சில நிமிடங்களில் உறைந்தால் விஷயம் முடிந்தது.

மழைக்குருவி · 7:02
அகர் என்றால் என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புரோமெலெய்ன் அறுப்பது புரதத்தை, அகரிடம் அதன் வேலை நடக்காது. ஆனால் பாலில் புரதம் இருக்கிறதே. பச்சை அன்னாசி பாலோடு சேர்ந்து சில மணி நேரம் இருந்தால் கசப்பு ஏறும். ஒரு சொட்டு ருசி பாருங்கள். பச்சைப் பழமா, டின்னா?

பழைய அடுப்பு · 7:05
அகர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் முதல் பதிலிலேயே தீர்த்துவைத்திருப்பேன். எளிய வேலை. எல்லாக் கிண்ணங்களையும் ஒரே பாத்திரத்தில் கவிழ்த்து 2 நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஆனால் அதைப் பன்னா கோட்டா என்று சொல்லிப் பரிமாறாதீர்கள். ஜெலட்டின் இல்லாதது பன்னா கோட்டா அல்ல.

மழைக்குருவி · 7:09
ஐயோ, பழத்தோடு கொதிக்கவைத்துவிடாதீர்கள்! அன்னாசியின் புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் திரிந்துபோகும். டின் அன்னாசியில் நொதி போயிருக்கும், புளிப்பு அப்படியேதான் இருக்கும். முதலில் அகலக்கண் சல்லடையில் பழத்தை எடுத்துவிடுங்கள். சாறு ஏற்கெனவே பாலில் இறங்கியிருந்தால் அதுவும் ஆபத்துதான். என்னைக் கேட்டால் புதிய பாலில் புதிதாகச் செய்வதே மேல்.

பால்சட்டி · 7:12
மழைக்குருவி சொல்வது சரி. இன்னொன்றும் இருக்கிறது. 2 தேக்கரண்டி ஜெலட்டின் இரண்டரைக் கோப்பைக்குப் பொருத்தமான அளவு. அதே 2 தேக்கரண்டி அகர் முழுவதும் கரைந்தால் கத்தி வைத்து வெட்ட வேண்டிய கட்டிதான் கிடைக்கும். பன்னா கோட்டாவின் அழகே கிண்ணத்தைத் தொட்டால் அது நடுங்குவதில்தான். பொடி அகர் என்றால் அரை முதல் முக்கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். குளிர்ந்த பாலில் பொடியைத் தூவிக் கலக்கி, பிறகு அடுப்பில் ஏற்றி, அடியைத் துழாவிக்கொண்டே கொதிக்கவிடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். கிரீமை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு ஊற்றக் கூடாது. அகர் பட்ட இடத்திலேயே உறைந்து நூல் நூலாகிவிடும். கிரீமையும் வெதுவெதுப்பாக்கிச் சேருங்கள்.

நூற்புழு · 7:20
பழைய அடுப்பு அவர்களுக்கு: பன்னா கோட்டா என்ற இத்தாலியச் சொல்லுக்குச் சமைத்த கிரீம் என்பதுதான் பொருள். பெயரில் கிரீம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஜெலட்டின் எங்கே இருக்கிறது?

பழைய அடுப்பு · 7:24
அகராதியை வைத்துச் சமைக்க முடியாது. நாக்கில் உருகுவதுதான் அந்தப் பண்டத்தின் இலக்கணம். அகர் வாயில் உருகாது, உடையும். கண்ணாடி மாதிரி வெட்டுப்படும் பண்டத்துக்கு வேறு பெயர் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

நூற்புழு · 7:31
உருகாமல் இருப்பது குறை என்கிறீர்கள். அதுதான் அதன் பெருமை. 19ஆம் நூற்றாண்டில் கிருமிகளை வளர்த்துப் பார்க்க ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின்தான் பயன்பட்டது. உடல் வெப்பமான 37 பாகையில் வைத்தால் அது உருகிவிடும். போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று நீராக்கிவிடும், மழைக்குருவி சொன்ன அன்னாசியின் வேலைதான். அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயிடம் அகரைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று சொன்னவர் அவருடைய மனைவி ஃபானி ஹெஸ்ஸே. அவருக்கு அது எப்படித் தெரியும்? வீட்டில் ஜெல்லி செய்த அனுபவம்தான். ஜாவாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்திடமிருந்து கற்றுக்கொண்டாராம். 1882இல் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார், அந்த அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றைக்கும் ஆய்வகத் தட்டுகளில் இருப்பது அவருடைய சமையலறைச் சரக்குதான்.

தராசுமுள் · 7:36
அவரும் கரண்டியால் அளந்திருந்தால் எந்த ஆய்வகமும் ஏற்றிருக்காது.

குளிர்ப்பெட்டி · 7:38
கதவுப் பக்கமா, உள்ளேயா என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய அடுப்பு · 7:41
ஆய்வகக் கதை அருமை. விருந்தினருக்குக் கிருமித் தட்டைப் பரிமாறச் சொல்கிறீர்களா? மேலும், இங்கே பலர் அகரைக் கடற்பாசி, கடற்பாசி என்று எழுதுகிறீர்கள். கடலில் விளையும் எல்லாப் பாசியும் கடற்பாசிதான். அகர் சில சிவப்புப் பாசிகளிலிருந்து மட்டும் எடுப்பது. சொல் சுத்தம் இல்லாததால்தான் கடைகளில் இந்தக் குழப்பமே வருகிறது.

பால்சட்டி · 7:45
பொட்டலத்தில் சைனா கிராஸ் என்று எழுதி விற்றாலும் அதே சரக்குதான், அது புல்லும் அல்ல. பெயர்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமே. புதுக்கரண்டி, இருக்கிறீர்களா? பாத்திரத்தில் கவிழ்த்துவிடவில்லையே?

மழைக்குருவி · 8:30
பதில் இல்லை. கவிழ்த்துவிட்டார் என்றே தோன்றுகிறது.

நூற்புழு · 8:34
அல்லது தட்டில் சொட்டிச் சோதித்துக்கொண்டிருக்கலாம். நல்லதையே நினைப்போம்.

தராசுமுள் · 9:10
இடைப்பட்ட நேரத்தில் ஒரு பயனுள்ள தகவல். என்னிடம் இருக்கும் அகர் பொடியைத் தலைதட்டி ஐந்து முறை அளந்து எடை போட்டேன். ஒருமுறைகூட ஒரே எடை வரவில்லை. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

பழைய அடுப்பு · 9:15
சனிக்கிழமை இரவை நன்றாகச் செலவிடுகிறீர்கள்.

புதுக்கரண்டி · ஞாயிறு, மாலை 4:26
எல்லோருக்கும் நன்றி. 7:05 பதிலைப் பார்த்ததும் அடுப்பில் ஏற்றிவிட்டேன், 7:09 பதிலைப் பிறகுதான் பார்த்தேன். பால் திரித்திரியாகப் போய்விட்டது, அந்தத் திரியோடு சேர்ந்து கல் மாதிரி உறைந்தும் விட்டது. ஏற்கெனவே கொஞ்சம் கசந்தது, பச்சை அன்னாசிதான். காலையில் புதிதாகச் செய்தேன். அரை தேக்கரண்டி அகர், 2 நிமிடம் கொதி, கிரீமை வெதுவெதுப்பாக்கிச் சேர்த்தேன். அன்னாசியைச் சர்க்கரையோடு தனியாக வேகவைத்து, பரிமாறும்போது மேலே போட்டேன். மேசைமீதே முக்கால் மணி நேரத்தில் உறைந்தது, நடுங்கவும் நடுங்கியது. பெயர் கேட்டார்கள், பால் ஜெல்லி என்று சொல்லிவிட்டேன்.

பழைய அடுப்பு · 4:31
சரியான பெயர்.

தராசுமுள் · 4:33
மகிழ்ச்சி. அந்த அரை தேக்கரண்டி எத்தனை கிராம்?

தராசுமுள் · செவ்வாய், காலை 10:05
புதுக்கரண்டி?