சூப்பர் ஹீரோ படங்களில் பெண்கள்: காட்சிகளைத் தேர்ந்தெடுக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சூப்பர் ஹீரோ படங்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று எங்கள் ஊர் நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசப்போகிறேன். திரையிட நல்ல காட்சிகள் வேண்டும்.

மார்வெல் படங்களில் வரும் உளவாளி நாயகி பிளாக் விடோவிலிருந்து தொடங்க எண்ணம். 2010இல் ‘அயர்ன் மேன் 2’ படத்தில் அறிமுகமானவள். 2012இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்’ படத்தின் நாயகர் அணியில் ஆறு பேரில் ஒரே பெண். அவளுக்கென்று தனிப் படம் வந்ததோ 2021இல்தான். பெருந்தொற்றால் தள்ளிப்போனதைக் கழித்தாலும் இது அநியாயமான காத்திருப்பு. அதற்குள் அதே அணியின் தோருக்கும் கேப்டன் அமெரிக்காவுக்கும் மும்மூன்று படங்கள் வந்துவிட்டன!

2017இல் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய ‘வொண்டர் வுமன்’ 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெண் நாயகி என்றால் கூட்டம் வராது என்ற பேச்சு அதோடு அடிபட்டுப்போனது. வசூலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கேமராவின் பார்வை. கடற்கரைப் போரில், நாயகி பிறந்த அமேசான் என்னும் பெண்கள் குலத்து வீராங்கனைகளின் வேகத்தையும் வலிமையையும் அது காட்டுகிறது, உடலை மேய்வதில்லை. பிள்ளைகள் இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண வேண்டும்.

‘பிளாக் பாந்தர்’ படத்திலிருந்து அறிவியல் மேதை ஷூரி, படைத்தலைவி ஒக்கோயே ஆகியோரின் காட்சிகளை எடுத்துவிட்டேன். பெண்ணின் முடிவால் கதையே திசைமாறும் வேறு காட்சிகள் தெரிந்தால் படத்தின் பெயரோடு சொல்லுங்கள். பெண் சூப்பர் ஹீரோவை நாயகியாகக் கொண்டு 2025இல் வந்த மலையாளப் படமான ‘லோகா’வைப் பார்த்தவர்கள், அதில் எந்தப் பகுதி 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்றும் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் காட்சியாக இருந்தால் நல்லது.