பனிக்காலையில் ஓடினால் இழுப்பு: என்ன செய்யலாம்?

கேள்வி: பையனுக்கு வயது 14, ஆஸ்துமா. மார்கழிக் காலையில் ஓடினால் பத்தே நிமிடத்தில் நெஞ்சு இறுகி விசில் சத்தம் வருகிறது. ஓட்டத்தை நிறுத்திவிடலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். வாயால் வேகமாக இழுக்கும் குளிர்காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உலர்த்துவதால்தான் அது சுருங்குகிறது. முதல் 10 நிமிடம் நடை, இடையிடையே 30 விநாடி ஓட்டம், பிறகு முழு ஓட்டம். மூக்கு, வாயை மூடித் துணி கட்டட்டும். மருத்துவர் எழுதித் தந்திருந்தால் ஓடுவதற்கு 15 நிமிடம் முன்பு சால்பூட்டமால் (மூச்சுக்குழாயைச் சீக்கிரம் விரிக்கும் நிவாரண இன்ஹேலர்).

பதில் 2: இன்ஹேலரை இழுக்கும் முறையையும் பாருங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் குழாய்) இல்லாவிட்டால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரே ஒரு அழுத்து. மெதுவாக இழுத்து 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிடமாவது கழித்து மறுபடி குலுக்குங்கள். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பதில் 3: போகிப் புகை நாளில் வெளியே ஓட்டம் வேண்டாம். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டால், தினசரித் தடுப்பு மருந்தை மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால் உடனே 108.