வேதி வடிகட்டு ஊடகமா, கவர்பொருளா?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு மீன்தொட்டிக் கையேட்டுக்காக நண்பர் முன்வைத்த "வேதி வடிகட்டு ஊடகம்" (chemical filter media: நீரில் கரைந்த வேண்டாப் பொருள்களை நீக்க வடிகட்டியில் இடும் கரி, சீயோலைட்டு போன்றவை) என்னும் சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஊடகம் என்றதும் செய்தித்தாளும் தொலைக்காட்சியுமே நினைவுக்கு வருவது சிறிய தடைதான்; பெரிய தடை "வடிகட்டு" என்பதில் இருக்கிறது. வடிகட்டினால் கசடு மேலே தங்கும், தெளிந்த நீர் கீழே இறங்கும். பஞ்சுக்கு அது பொருந்தும். நீரில் கரைந்துவிட்ட மருந்தையோ அம்மோனியாவையோ பஞ்சு தடுத்து நிறுத்தாது. அவற்றைப் பிடித்து வைப்பதற்கென்றே இப்பொருள்களை இடுகிறோம். ஆகவே "கவர்பொருள்" என்று முன்மொழிகிறேன். வேதியியல் பாடநூல்களின் "பரப்புக் கவர்தல்" (adsorption: கரைந்த பொருள் ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது) இதற்கு முன்பே வழி அமைத்திருக்கிறது. ("கவரி" என்று சுருக்கலாமோ எனவும் எண்ணினேன், மான் குறுக்கே வந்துவிட்டது.)

சீயோலைட்டு என்னும் நுண்துளைக் கனிமம் அம்மோனியம் அயனியை (அம்மோனியா நீரில் பெறும் மின்னேற்ற வடிவம்) எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, இது அயனிப் பரிமாற்றமே என்ற மறுப்பு எழலாம், நியாயமே. எனினும் "கவர்" என்ற பொதுவினை இரண்டையும் தாங்கும். துல்லியம் வேண்டிய இடத்தில் பரப்புக் கவர்பொருள், பரிமாற்றக் கவர்பொருள் எனப் பிரித்துக்கொள்ளலாம்.

"எதைக் கவரும்?" என்ற கேள்வியை வாங்குபவரிடம் தானாகவே எழுப்பும் என்பதற்காகவும் இச்சொல்லை விரும்புகிறேன். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் "கார்பன்" என்று கேட்டால் கறுப்புக் கரிக் குருணை கிடைக்கும். அது மெத்திலீன் நீலம் என்ற மீன்மருந்தையும், தொட்டியில் வைத்த மரக்கட்டை கசியவிடும் பழுப்பு நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். அம்மோனியாவை ஏறத்தாழத் தொடாது. எனவே மருந்திடும் நாட்களில் அதை வெளியே எடுத்துவிட்டு, சிகிச்சை முடிந்த பின்னர் புதுக் கரியைத் தூசி போக அலசி இட வேண்டும். அம்மோனியாவுக்குச் சீயோலைட்டு, பாஸ்பேட்டுக்கு இரும்பு ஆக்சைடுக் குருணை. சீயோலைட்டு உள்ள நன்னீர்த் தொட்டியில், மீனுக்கு நோய் என்று கல்லுப்பைக் கொட்டினால், கவர்ந்த அம்மோனியம் நீருக்கே திரும்பிவிடும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சிடுவது நல்லது.

அதே உப்புக் கரைசலில், தொட்டிக்கு வெளியே ஒரு வாளியில் ஊறவைத்து அலசினால் சீயோலைட்டு மீண்டும் பயன்படும். கரியை வீட்டில் அவ்வாறு மீட்க இயலாது, மாற்றத்தான் வேண்டும். இந்த மீட்புக்கு முன்மொழியப்பட்ட "மீளூட்டம்" எனக்கு உடன்பாடே. சோடியத்தை அங்கே உண்மையிலேயே மீள ஊட்டுகிறோம்.