கடை வேலையோட டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்க எவ்வளவு இலக்கு வச்சா ஓடும்?

அவனியாபுரம் (கேள்வி):
மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில வேலை. காலையில ஒன்பதரைக்கு உள்ள போனா வெளிய வர ராத்திரி பத்தாகும். தினம் ஆறு மணி நேரம் படிக்கிறதுன்னு சித்திரையில அட்டவணை போட்டு பீரோவுல ஒட்டினேன். நாலு நாள்கூடத் தாங்கல. ஆடியில திரும்பப் போட்டேன், அதுவும் நின்னுபோச்சு. அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க மனசு விட்டுப்போகுது. என்னை மாதிரி ஆளுங்க எப்படிப் படிச்சீங்க?

உசிலம்பட்டி அக்கா:
தம்பி, முதல்ல அந்தத் தாளைக் கிழிச்சிருங்க. ஆறு மணி நேரம் உங்க கையில இல்ல, கடைக்காரர் கையில இருக்கு. நான் ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டுப் படிச்சவ. அடுப்பு பத்தவைக்கிறதுக்கு முந்தி அரை மணி நேரம், ஆறாம் வகுப்புத் தமிழ்ல ஒரே ஒரு பாடம். அம்புட்டுத்தான். தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் பத்துச் சொல்லும் பொருளும் எழுதி, பருப்பு டப்பா மேல வச்சுக்குவேன். பருப்பு வேகுறதுக்குள்ள ஒப்பிச்சுப் பார்ப்பேன். எட்டு சொன்னாத்தான் மறுநாள் புதுப் பாடம், இல்லன்னா அதே தாள். காய்ச்சல் வந்த அன்னைக்குத் தாளை ஒரு தடவை பார்த்துட்டுப் படுத்துருவேன். அதையும் படிச்ச நாளாத்தான் எண்ணிக்குவேன்.

தமிழை முதல்ல எடுங்கன்னு ஏன் சொல்றேன்னா, 200 கேள்வியில 100 தமிழ். அந்த நூறுக்கு 150 மார்க்கு, அதுல 60 வரலைன்னா மிச்சப் பகுதியைத் திருத்தவே மாட்டாங்க. எனக்கு ரெண்டாவது தடவை எழுதினப்பத்தான் வேலை கிடைச்சது.

திருமங்கலம்:
எட்டு சொன்னாத்தான் அடுத்த பாடம்ங்கிறது எனக்குச் சரிப்படலக்கா, ஒரே இடத்துல நின்னுருவேன். மூணாம் நாளும் எட்டு சொல்ல வரலைன்னாலும் அடுத்த பாடத்துக்குத் தாண்டிருவேன், வார லீவுல திரும்பிப் பார்ப்பேன். தம்பி, கணக்கு 25 கேள்வி இருக்கு. மத்தியானம் சாப்பிட்ட கையோட தனிவட்டியில மூணு கணக்கு போட்டா போதும். தீபாவளிக்கு முந்தின மாசம் உங்க கடையில உக்காரவே நேரம் இருக்காது, அந்த மாசத்துக்கு இப்பவே பாதியாக் குறைச்சு எழுதிக்கங்க. லீவு நாள்ல நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்கு வாங்க, போட்டித் தேர்வுக்குத் தனிப் பகுதியே இருக்கு.

அவனியாபுரம்:
ரொம்ப நன்றிக்கா, நன்றிண்ணே. அண்ணன் சொன்ன மூணு நாள் வழிதான் எனக்கு ஒத்துவரும்னு படுது. காலையில ஆறரையில இருந்து ஏழு. இந்த வாரம் கிழிச்ச காலண்டர் தாளையெல்லாம் அம்மா கிளிப் போட்டு எடுத்து வச்சுட்டாங்க. நாளைக்கு ஆறாம் வகுப்பு, முதல் இயல்.