புதுப்பிப்பு: மலாயா போனவர்கள் நாடகம்

நாகப்பட்டினத்திலிருந்து மலாயா போனவர்கள் கதையைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகமாக்குவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். வசனம் எழுதாமல், முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரிக்கச் சொன்னீர்கள். அது பலித்தது. ‘ரஜூலா’ கப்பல் பெயர் இன்னும் தாத்தாக்கள் வாயில் இருக்கிறது. 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பலாச்சே!

சிக்கல் கங்காணி பாத்திரத்தில் வந்தது. பிள்ளைகள் அவனை முழு வில்லனாக்கிவிட்டார்கள். ஆனால் கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், முன்பணம் கொடுத்துத் தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்தவன். 1938-ல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது. இதைச் சொன்னதும் ஒரு பையன், “அப்ப நம்ம துபாய் ஏஜென்ட் மாதிரியா சார்?” என்றான். காட்சியை அவனே மாற்றி எழுதுகிறான், நான் தலையிடவில்லை.

அரங்கேற்றம் கோடை விடுமுறையில். பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் இரவல் கொடுங்கள்.