ஏஎஸ் 400இல் இருந்து ஈமெயிலில் பைல் அனுப்பிய அனுபவங்கள்

மட்டுநகர் வாசி:

2007. மட்டக்களப்பில் ஒரு விநியோகக் கொம்பனியின் பிராந்திய ஒபிஸில் ஸ்டோர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் ஏசி போட்ட சின்ன அறை, அதற்குள் ஒரு ஏஎஸ் 400. ஐபிஎம் 1988இல் கொண்டுவந்த, கொம்பனிக் கணக்கு வேலைக்கான கொம்பியூட்டர் வகை. அந்த வருஷத்துக்குள் ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்றெல்லாம் பெயர் மாற்றிவிட்டார்கள், எங்களுக்கு அது கடைசி வரை 'பெரிய மிஷின்'தான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, 24 வரி.

மாதக் கடைசியில் ஸ்டொக் லிஸ்ட்டை அகலத் தொடர்தாளில் அடித்து, மடித்துக் கட்டி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போடுவோம். ஒருநாள் தலைமை ஒபிஸிலிருந்து சொன்னார்கள், இனிமேல் ஈமெயிலில் வேண்டும், எக்செல்லில் திறக்க வேண்டும் என்று. ஈமெயில் அனுப்ப ஒரு சின்ன புரோகிராமும் எழுதித் தந்தார்கள். டேட்டாபேஸ் பைலை 'காப்பி டு இம்போர்ட் பைல்' கட்டளையால் ஐஎப்எஸ் (மிஷினுக்குள் பிசி மாதிரி பைல்கள் வைக்கும் இடம்) போல்டரில் காற்புள்ளி போட்ட பைலாக இறக்குவது என் வேலை. இறக்கினேன், அனுப்பினேன், போய்விட்டது என்று திரையும் சொன்னது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

அரை மணித்தியாலத்தில் கோல். "தம்பி, இதென்ன? சிங்களமுமில்ல, தமிழுமில்ல, இங்கிலீசுமில்ல" என்றார் கணக்குப் பிரிவு அக்கா. பிரிண்ட் எடுத்து பெக்ஸில் அனுப்பினார். பார்த்தால், வெற்றிடம் இருக்கவேண்டிய இடமெல்லாம் @@@@@@ என்று வரிசை. இலக்கங்களுக்குப் பதில் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்துகள். 7 வரும் இடத்தில் மட்டும் ÷ குறி. "ஸ்டொக்க ஏன் வகுத்து அனுப்பியிருக்கிறீங்க?" என்று அந்த அக்கா கேட்டதை ஒபிஸில் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

எங்கள் சேர் வந்து பெக்ஸைப் பார்த்ததும் பிடித்துவிட்டார். கொம்பியூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைக்கும்; பெரிய மிஷின் எப்சிடிக் முறையில் வைக்கும், மற்றக் கொம்பியூட்டர்கள் ஆஸ்கியில். எப்சிடிக்கில் வெற்றிடத்துக்கு உள்ள அதே எண்தான் ஆஸ்கியில் @. இலக்கம் 7க்கு உள்ள எண் விண்டோஸில் ÷. பைல் பழுதாகவில்லை, மொழிபெயர்க்காமல் அப்படியே போயிருக்கிறது. கட்டளையில் கோட் பேஜ் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணை) என்ற இடத்தை நான் தொடாமல் விட்டதால் டேட்டாபேஸ் பைலின் எப்சிடிக்கையே புது பைலும் எடுத்துக்கொண்டது. அங்கே 'பிசி ஆஸ்கி' என்று போட வேண்டும்.

போட்டேன். மறுகா அனுப்பினேன். திரும்பவும் @@@@! கொழும்பு அக்கா இந்த முறை சிரிக்கவில்லை. பழைய பைல் அதே பெயரில் அங்கேயே கிடந்திருக்கிறது. அதன் மேலேயே எழுதினால் பழைய கோட் பேஜ்தான் தொடரும். அழித்துவிட்டுப் புதிதாக இறக்கியபிறகுதான் சரி வந்தது. இரண்டாவது அடி இன்னும் நினைவில் இருக்கிறது, ஏனென்றால் அது வெள்ளிக்கிழமை பின்னேரம்.

கல்முனைக் காக்கா:

உங்களுக்காவது பைல் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஒபிஸில் அனுப்பியாச்சு என்று திரை சொல்லும், யாருக்கும் வராது. 'அனுப்பியாச்சு' என்றால் மெயில் உள் வரிசையில் சேர்ந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. லைன் விழுந்தால் எல்லாம் அந்த வரிசையில் கிடக்கும்.

ஒருமுறை லைன் விழுந்து இரண்டு நாள். சரி, மிஷினில் மெயிலைக் கையாளும் மெயில் சர்வர் பிரேம்வொர்க்கை நிறுத்தித் திரும்பத் தொடங்குவோம் என்று பார்த்தேன். தொடங்கும் கட்டளையில் 'கிளியர்' என்று ஒரு தெரிவு. வழியைத் துப்புரவாக்கும் என்று நினைத்துப் போட்டேன். வழி துப்புரவாகத்தான் ஆனது. காத்திருந்த அத்தனை மெயிலும் போயே போச்சு, அந்த மாதச் சம்பள அறிக்கை உட்பட. மெனேஜரிடம் லைன் பிரச்சினை என்று சொன்னேன். பொய் இல்லை, பாதி உண்மை.

அக்கரைப்பற்றிலிருந்து:

என்னுடையது நேரக் கதை. கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்த இலங்கை நேரத்தை 2006 ஏப்ரல் 15இல் ஐந்தரைக்குத் திருப்பினார்கள் அல்லவா? ஒபிஸில் மிஷினின் மணியை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம், சரி. ஆனால் கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி முன்னால் இருக்கிறோம் என்பதற்கு அதில் தனியாக ஒரு சிஸ்டம் வேல்யூ (மிஷின் முழுவதற்குமான அமைப்பு) உண்டு. அதை யாரும் தொடவில்லை, ஆறிலேயே நின்றது. அதனால் நாங்கள் ஐந்து மணிக்கு அனுப்பும் மெயில் கொழும்பில் நாலரைக்கு அனுப்பியதாகத் தெரியும்.

அறிக்கை ஐந்து மணிக்கு முன் வரவேண்டும் என்பது விதி. ஐந்தே காலுக்கு அனுப்பினாலும் நாலே முக்கால். எனக்குக் காரணம் தெரியும், வாய் திறக்கவில்லை. பல மாதம் கழித்து ஒரு ஓடிட்டர் பிடித்தார்.

மட்டுநகர் வாசி:

ஹா ஹா, அந்த அரை மணித்தியாலம் எங்களுக்கும் கிடைத்திருக்கலாம்.

ஏறாவூர்ப் பெடியன்:

பெரிய பைல் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. இணைப்பு ஈமெயிலில் போகும்போது ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாறும். 6 எம்பி பைல் 8 எம்பிக்கு மேல் போய்விடும், அந்தப் பக்கம் சர்வர் திருப்பி அடிக்கும். நான் கியூஷெல்லுக்குள் (மிஷினில் யுனிக்ஸ் மாதிரிக் கட்டளை அடிக்கும் இடம்) போய் ஜாவாவின் 'ஜார்' கட்டளையால் சிப் செய்து அனுப்புவேன். ஸ்டொக் லிஸ்ட் மாதிரி வெற்றிடம் நிறைந்த பைல் நல்லாகச் சுருங்கும்.

அண்ணன், அந்த @@@@ வராமல் அனுப்பும் முன்பே பார்க்க வழி உண்டா?

மட்டுநகர் வாசி:

உண்டு தம்பி. 'வொர்க் வித் லிங்க்ஸ்' திரையில் பைலுக்கு முன்னால் 8 போட்டு என்டர் அடியுங்கள், விவரம் வரும். எழுத்துத் தொகுதி எண் என்ற வரியில் 37 என்று இருந்தால் எப்சிடிக், அனுப்ப வேண்டாம். 1252 என்று இருந்தால் விண்டோஸ் எழுத்து, அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகலாம். போனைக் கையோடு கொண்டுபோங்கள்.