நெகோசியேஷன்: உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

உப்புவெளி, ஆங்கில ஆசிரியை:
திருகோணமலையில் என் வயதுக்காரருக்கு, பேசி இணக்கம் காண்பதைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல் வானொலிச் செய்தியோடு வந்தது. 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கி, ஒஸ்லோ, பேர்லின் என்று போய், 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனே வரை இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் ஆறு சுற்றுப் பேச்சுவார்த்தை. அதனால் நெகோசியேஷன் என்றதும் நீண்ட மேசையும் கோட்டுப் போட்ட ஆட்களும்தான் கண்ணில் நிற்கும். டிஸ்கஷன் வேறு. சங்கக் கூட்டத்தில் விடிய விடியக் கதைத்துவிட்டு, ஒரு முடிவும் இல்லாமல் தேநீர் குடித்துக் கலைந்தாலும் அது டிஸ்கஷன்தான். நெகோசியேஷனுக்கு இரண்டு பக்கம் வேண்டும், இரண்டுக்கும் ஏதோ தேவை இருக்க வேண்டும். வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள்?

நிலாவெளி, படகு ஓட்டுபவர்:
எங்கள் கரையில் தினமும்தான். புறாத்தீவுக்குப் போக வருகிற வெளிநாட்டவர் விலையைக் கேட்ட மறுநொடி ‘நெகோசியபிள்?’, அதாவது பேசிக் குறைக்கலாமா என்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, ஆட்களும் வருவார்கள். அப்போது சிரித்துக்கொண்டே ‘நோ’. மற்ற மாதங்களில் ‘வாங்கோ, கதைப்போம்’.

திருகோணமலை நகரம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
காசோலையை மறந்துவிட்டீர்கள். குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் ‘நொட் நெகோசியபிள்’ என்று எழுதியிருக்கும். அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது என்றுதான் கவுண்டருக்கு வருகிற பாதிப்பேர் நினைப்பார்கள். அப்படி இல்லை. மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. திருடிய காசோலையை ஒருவர் கடைக்காரரிடம் கொடுத்து, கடைக்காரர் ஒன்றும் தெரியாமல் நல்ல மனதோடு வாங்கியிருந்தாலும், உண்மையான சொந்தக்காரர் கேட்டு வந்தால் கடைக்காரர் நிலை கஷ்டம்தான். பெறுபவரின் கணக்கில்தான் காசு விழ வேண்டும் என்பதற்கு ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதுவதால்தான் இந்தக் குழப்பம். விலை பேசுவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மட்கோ, ஓட்டோக்காரரின் மச்சான்:
இதைக் கேளுங்கள். மச்சான் ஓட்டோவில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, வளைவில் மான் கூட்டம் நின்றிருக்கிறது. பின்னால் இருந்த வெள்ளைக்கார அம்மா ‘கேன் யூ நெகோசியேட் தட் பெண்ட்?’ என்று கேட்டிருக்கிறார். அந்த வளைவைச் சமாளித்து ஓட்டிவிடுவீர்களா என்பதுதான் கேள்வி. மச்சான் வண்டியை நிறுத்தி, ‘நோ மேடம், ஃபிக்ஸ்ட் ப்ரைஸ்’ என்றாராம்!

மூதூர், ஓ.எல். மாணவன்:
டீச்சர், ‘டிஸ்கஸ் எபவுட்’ பிழை என்றால் ‘நெகோசியேட் எபவுட்’டும் பிழையா?

உப்புவெளி, ஆங்கில ஆசிரியை:
இல்லை தம்பி, அது வரும். ஆளுக்கு ‘வித்’, விடயத்துக்கு ‘ஓவர்’ அல்லது ‘எபவுட்’, கேட்டுப் பெறும் பொருளுக்கு ‘ஃபோர்’. ஒப்பந்தத்தையோ வளைவையோ சொல்லும்போது மட்டும் இடையில் ஒன்றும் வேண்டாம், நேராகப் போடலாம்.